ஞாயிறு லீவு எடுக்கும் கெண்டைகள்

“மீனுக்கு ஞாயித்துக்கிழமை லீவா, டிகிரி?”

இயக்குநர் இப்படிக் கேட்டபோது டிகிரி சாரின் கையிலிருந்த தெர்மாமீட்டர் தரையில் விழாமல் இருந்ததே பெரிய விஷயம்.

“சார்?”

“உன் பதிவேட்டைத்தான்யா கேக்கிறேன். இங்க வந்து பாரு.”

ஏரி மீன் ஆய்வு நிலையம் என்பது கரையோரம் இருந்த ஒரே ஒரு அறை. இரண்டு மேசை, மூன்று நாற்காலி, சுவரில் ஏரியின் ஆழத்தைக் காட்டும் நீல வரைபடம், ஜன்னலுக்கு வெளியே நிஜ ஏரி. கொஞ்சம் தள்ளி நீரேற்று நிலையம். இரண்டுக்கும் பொதுவாக நடுவில் ஒரு கேண்டீன். இயக்குநரின் மேசைமேல் பச்சை அட்டைப் பதிவேடு விரித்துக் கிடந்தது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்புப் பென்சில் வட்டங்கள்.

டிகிரி சாருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. நாளுக்கு மூன்று முறை ஏரியில் தெர்மாமீட்டரை முக்கி எத்தனை டிகிரி என்று எழுதுவதும், கரையோரம் தென்படும் மீன்களை எண்ணுவதும்தான் அவர் வேலை என்பதால் அந்தப் பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுவிட்டது. பதினோரு வருடமாக எழுதுகிறார். அந்தப் பதிவேட்டில் ஒரு பொய் கிடையாது. கண்ணில் தூசி விழுந்து எண்ண முடியாமல் போனால்கூட, ‘கண்ணில் தூசி, எண்ணவில்லை’ என்று எழுதுவாரே தவிர, குத்துமதிப்பாக ஓர் எண்ணைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போக அவருக்கு மனசு வராது.

“குளிர்காலத்துல கெண்டை எங்க இருக்கணும்?” என்றார் இயக்குநர்.

“ஆழத்துல சார். அடியில தண்ணி ஒரே சீரா இருக்கும். தீனியைக் குறைச்சுக்கிட்டு அசையாம கிடக்கும்.”

“நீ என்ன எழுதியிருக்கே? ‘பகல் ஒரு மணி. படகுத்துறை நுனி. கெண்டைகள் அறுபது. எல்லாம் மேலே பார்த்தபடி.’ மேலே பார்த்தபடியாம்!”

“பார்த்துச்சு சார்.”

“கோடைக்காலத்துல கரைக்கு வந்துச்சு, சரி, அது ஊர் உலக வழக்கம். இந்தக் குளிர்ல எதுக்கு வருது? சரி, உச்சி வெயிலுக்கு வருதுன்னே வச்சுக்குவோம். ஞாயித்துக்கிழமை வெயில் அடிக்கலையா? ஞாயித்துக்கிழமை உன் வேலையை நான்தானே பாக்கிறேன்? குடை பிடிச்சிக்கிட்டு ஒரு மணி நேரம் உக்காந்திருக்கேன், ஒரு மீன் எட்டிப் பாக்க மாட்டேங்குது. எங்கிட்ட அதுங்களுக்கு என்னய்யா மனஸ்தாபம்?”

கடைசிக் கேள்வியில் உண்மையான வருத்தம் இருந்தது.

“ரெண்டாவது சனிக்கிழமையும் வரல. நீ காய்ச்சல்ல படுத்த நாலு நாளும் வரல” என்று பென்சிலால் தட்டிக்கொண்டே போன இயக்குநர், சட்டென்று நிமிர்ந்தார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. “டிகிரி, இது கண்டுபிடிப்புய்யா!”

டிகிரி சார் மெதுவாகப் பதிவேட்டை மூடப் பார்த்தார். ஏனென்றால் அந்த மீன்கள் எதற்காக வருகின்றன என்பது, மீன்களைத் தவிர, அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

பத்து மாதத்துக்கு முன்னால் டாக்டர் அவருடைய கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு முறை காற்றடித்தார். “இப்படியே விட்டீங்கன்னா ஏரி இருக்கும், நீங்க இருக்க மாட்டீங்க” என்றார். அன்று சாயங்காலமே அவர் மனைவி உப்பு டப்பாவைப் பரணில் ஏற்றினாள். எண்ணெய்க் குப்பி பக்கத்து வீட்டுக்குப் போனது. தனக்கு ஒன்றுமில்லாவிட்டாலும், அவருக்குத் துணையாக அவளும் அதே சப்பென்ற சாப்பாட்டைச் சாப்பிட ஆரம்பித்தாள். காலை ஐந்து மணிக்கு எழுந்து காய் நறுக்குவாள். மஞ்சள் துணிப்பையில் எவர்சில்வர் டப்பாவை வைத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, அவருக்கும் முன்னால், இரண்டு தோளிலும் இரண்டு பையோடு தையல் கூடத்துக்கு ஓடுவாள்.

முதல் நாள் டப்பாவில் அவித்த பீன்ஸ் இருந்தது. டிகிரி சார் ஒரு வாய் வைத்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். படகுத்துறையின் நுனிக்குப் போய் டப்பாவைக் கவிழ்த்தார்.

“என்ன சார் பண்றீங்க?” என்று பின்னாலிருந்து கேண்டீன் அக்காவின் குரல் வந்தது.

“டப்பா கழுவுறேன்.”

“சாப்பிடறதுக்கு முன்னாடியா?”

“சுத்தம் முக்கியம் இல்லையா?” என்று சொல்லிவிட்டு, அக்காவின் பின்னாலேயே கேண்டீனுக்குப் போய் உட்கார்ந்தார்.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து டப்பாவில் பீன்ஸும் இல்லை. பழுப்பு நிறத்தில், எலுமிச்சம்பழ அளவில், எட்டு உருண்டைகள். “நார்ச்சத்துங்க” என்றாள் மனைவி. டிகிரி சார் மூடியைத் திறந்து ஒரு தடவை மோந்து பார்த்தார். அதற்குப் பிறகு திறக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கவிழ்த்தார். மீன்களுக்கு ஆனால் உயிர். வால் கிழிந்த ஒரு பெரிய கெண்டை, அவர் அதற்கு ஆபீசர் என்று பெயர் வைத்திருந்தார், கூட்டத்தை விலக்கிக்கொண்டு முதல் உருண்டையை வாங்கிக்கொள்ளும். தன் மனைவியின் கைப்பக்குவத்தை ரசிக்க உலகத்தில் யாராவது இருக்கிறார்களே என்று அவருக்கு ஓர் ஆறுதல்.

தினமும் சாயங்காலம் அவள் கேட்பாள்.

“இன்னைக்கு உருண்டை எப்படி இருந்துச்சு?”

“பிரமாதம்!”

“நாளைக்கு ரெண்டு சேத்து வைக்கட்டா?”

“வை, வை.”

கேண்டீன் அக்காவோ அவருக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்து தட்டில் பரிமாறுவார். பதமாக வெந்த காய், மணக்க மணக்கப் பருப்பு, சாதம். பதினோரு வருட உழைப்புக்கு அந்த இடத்தில் கிடைத்த ஒரே மரியாதை அது என்று டிகிரி சார் நினைத்துக்கொள்வார். தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, “உங்க கைக்குத் தங்கத்துல காப்பு போடணும் அக்கா” என்பார். அக்கா ஒன்றும் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். அடக்கமான பெண்மணி.

ஆச்சரியம் என்னவென்றால் ரத்த அழுத்தம் இறங்கியதுதான். ஏரிக்காற்றின் மகிமையாக இருக்கும் என்று டிகிரி சார் முடிவுகட்டினார். டாக்டரோ அவர் மனைவியைப் பார்த்து, “உங்களுக்குத்தாம்மா நன்றி சொல்லணும்” என்றார். அவள் வெட்கத்தோடு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த கணத்தில் டிகிரி சாருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். அவள் விரல்களில் காய் நறுக்கிய தழும்புகள் கண்ணில் பட்டன. வாயை மூடிக்கொண்டார். வேலை போனால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பத்து மாதமாக விடியுமுன் எழுந்து செய்ததெல்லாம் மீன் வயிற்றுக்குத்தான் போனது என்று தெரிந்து அந்த முகம் வாடினால், அவரால் தாங்க முடியாது.

ஆகவேதான் இயக்குநர் கண்டுபிடிப்பு என்றதும் அவசரமாக ஒரு காரணம் தேடினார். ஜன்னல் வழியாக நீரேற்று நிலையம் தெரிந்தது.

“பம்பு சார்” என்றார்.

“என்ன பம்பு?”

“ஞாயித்துக்கிழமை பம்பு ஓடாது. ரெண்டாவது சனிக்கிழமையும் ஓடாது. பம்பு ஓடினா தண்ணி அசையும். அசைஞ்சா மீன் மேல வரும்... போல.”

“உனக்குக் காய்ச்சல் வந்த நாலு நாள்?”

“அப்பப்ப ரிப்பேர் ஆகும் சார், பாவம், பழைய பம்பு.”

பிரச்சினை அதோடு ஒழியும் என்று நினைத்தார். இயக்குநர் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து அவரைக் கட்டிப்பிடித்தார். “எழுதுய்யா பதிவேட்டுல!”

டிகிரி சார் பேனாவை எடுத்தார். கொஞ்ச நேரம் யோசித்து, ‘பம்பினால் மீன்கள் வருவதாக இயக்குநர் கருதுகிறார்’ என்று எழுதினார். அது பொய் இல்லை.

இயக்குநருக்கு ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம். பத்தொன்பது வருடமாக அவர் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்புகிறார். யாராவது படிக்கிறார்களா என்று பார்க்க, ஒரு வருடம் நடுப்பக்கத்தில் ‘இந்த வரியைப் படிப்பவர் தயவுசெய்து ஒரு கடுதாசி போடவும்’ என்று எழுதிவைத்தார். கடுதாசி வரவில்லை. இந்தத் தடவையோ எட்டே நாளில் பதில் வந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை பம்பை ஓட்டிப் பார்த்து முடிவைத் தெரிவிக்கவும். மீன்கள் வந்தால் நிபுணர் ஒருவர் நேரில் வருவார்.

மீன்கள் வராவிட்டால்? பம்பு இல்லையென்றால் வேறென்ன என்று இயக்குநர் தோண்ட ஆரம்பிப்பார். டிகிரி சார் சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது தொண்டையைக் கனைத்தார்.

“நாளைக்கு டூட்டி.”

“ஞாயித்துக்கிழமையுமா?”

“ஆராய்ச்சி. முக்கியமான கட்டம்.”

“அப்ப உருண்டை?”

“அது இல்லாம எப்படி? கட்டிக் குடு.”

அவள் சடக்கென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள்கள் லேசாகக் குலுங்கின. வாரத்தில் ஒரு நாள் தூங்குகிறவள், அதுவும் போனதே என்று அழுகிறாள் என்று டிகிரி சாருக்கு நெஞ்சு கனத்தது. தட்டிலிருந்த காயை அன்று முழுதாகச் சாப்பிட்டார். அவரால் முடிந்த பிராயச்சித்தம் அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரைக்கு இயக்குநர் பம்பு ஓடுவதைக் கண்ணால் பார்க்க நீரேற்று நிலையத்துக்குப் போனார். ஒரு மணிக்கு டிகிரி சார் டப்பாவைக் கவிழ்த்தார். எந்த நாளானாலும் அவர் காலடி பலகையில் பட்டால் போதும் என்பதுபோல ஆபீசர் தலைமையில் கூட்டம் வந்து சேர்ந்தது. ஒன்று பத்துக்கு மூச்சிரைக்க ஓடி வந்த இயக்குநர் தண்ணீரைப் பார்த்து நின்றார்.

“நாப்பத்தேழு” என்றார் தழுதழுத்த குரலில். “ஞாயித்துக்கிழமைல நாப்பத்தேழு!”

லீவு நாளில் பசியோடு வீட்டுக்குப் போக வேண்டுமே என்று நினைத்துக்கொண்டிருந்த டிகிரி சாருக்கு இன்னொரு அதிர்ஷ்டமும் அடித்தது. கேண்டீன் திறந்திருந்தது. அக்கா தட்டோடு நின்றார்.

இயக்குநர் அன்றைக்கே போன் போட்டுச் சொல்ல, திங்கட்கிழமை நிபுணர் வந்து இறங்கினார். ஐம்பது வயதுப் பெண்மணி. பெரிய தொப்பி, மடக்கு நாற்காலி, தடித்த நோட்டுப் புத்தகம். பேச்சுக்கு வரி கட்டுகிறவர் போல எல்லாவற்றுக்கும் ‘ம்’ என்பார். நாற்காலியைப் படகுத்துறையின் நுனியில், மிகச் சரியாக டிகிரி சார் டப்பாவைக் கவிழ்க்கும் இடத்தில், விரித்து உட்கார்ந்தார்.

“எத்தனை நேரம் மேடம் இருப்பீங்க?” என்று டிகிரி சார் பவ்யமாகக் கேட்டார்.

“ஒரு வாரம்.”

ஒரு மணிக்கு மீன்கள் வந்தன. டிகிரி சாரைப் பார்த்தன. டிகிரி சார் வானத்தைப் பார்த்தார். ஆபீசர் பலகைக்கு அடியில் வாலால் ஓர் அடி அடித்தது. நிபுணரின் நோட்டுப் புத்தகம் நனைந்தது.

“கோவமா இருக்கு” என்றார் நிபுணர்.

டிகிரி சார் பையோடு மெதுவாக நழுவி, இருநூறு அடி தள்ளியிருந்த படகுக் கொட்டகைக்குப் பின்னால் போய் உருண்டைகளைத் தண்ணீரில் போட்டார். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. புதன்கிழமை ஒரு மணிக்குப் படகுத்துறையில் பாதிக் கூட்டம்தான் வந்தது. மீதிப் பாதி கொட்டகைக்குப் பின்னால் காத்திருந்தது.

“மேற்கே நகருது” என்று நிபுணர் வரைபடத்தில் ஓர் அம்புக்குறி போட்டார்.

“இடம்பெயர்ச்சி!” என்று இயக்குநர் கூவினார். “குளிர்கால இடம்பெயர்ச்சி!”

வியாழக்கிழமை மடக்கு நாற்காலி கொட்டகைக்குப் பின்னால் போயிற்று. டிகிரி சார் நாணல் புதர் பக்கம் ஓடினார். வெள்ளிக்கிழமை கூட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆபீசர் எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று இடத்துக்கும் மாறி மாறிப் போய்வந்தது. நிபுணரின் வரைபடத்தில் அம்புக்குறிகள் ஒன்றையொன்று குத்திக்கொண்டு நின்றன. இயக்குநருக்குச் சந்தோஷத்தில் சாப்பாடே இறங்கவில்லை. ஒரே வாரத்தில் மூன்று புதுப் பழக்கம்! அறிவிக்க ஒரு கூட்டம் வேண்டாமா? சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு ஏற்பாடு செய்தார். நிலையத்தைச் சேர்ந்தவர்கள் குடும்பத்தோடு வர வேண்டும்.

“உன் வீட்டுக்கு நானே ஆள் அனுப்பிச் சொல்லிட்டேன். தையல் கூடத்துல லீவு சொல்லிட்டு வர்றாங்களாம்” என்று டிகிரி சாரின் முதுகில் தட்டினார்.

டிகிரி சார் நாணல் புதருக்குப் பின்னால் போய் உட்கார்ந்து யோசித்தார். வேறு வழியே இல்லையா? ஒரு வழி இருந்தது. இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் இந்த உருண்டையைச் சாப்பிட்டுத் தொலைத்தால் என்ன? ஒன்றைக் கையில் எடுத்தார். கண்ணை மூடினார். வாய்வரை கொண்டுபோனார். அந்த வாசனை மூக்கைத் தொட்டதும் கை தானாகவே இறங்கியது. மனைவிமேல் அவருக்கு அன்பு உண்டு, ஆனால் எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. உருண்டை தண்ணீரில் விழுந்தது. ஆபீசர் வந்து வாங்கிக்கொண்டது.

சனிக்கிழமை அவர் மனைவி நீலப் புடவை கட்டிக்கொண்டு வந்து முதல் நாற்காலியில் உட்கார்ந்தாள். நீரேற்று நிலையத்துக்காரர்கள் நான்கைந்து பேர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். கேண்டீன் அக்கா கையில் கரண்டியோடு வாசலில் நின்றார். இயக்குநர் பம்பைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். ‘என் அருமை டிகிரி’ என்று ஏழு தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் மனைவி கணவனைப் பெருமையோடு பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் கணவர் தன் செருப்பைப் பார்த்தார்.

நிபுணர் எழுந்து நின்றார். ஒரு வாரம் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் அப்போதுதான் எடுத்தார்.

“துறையில வந்துச்சு. கொட்டகையில வந்துச்சு. நாணல்ல வந்துச்சு. இடம் மாறிச்சு, தண்ணியோட சூடு மாறிச்சு, ஆழம் மாறிச்சு. மாறாதது ஒண்ணே ஒண்ணுதான். சார், நீங்க கொஞ்சம் இந்தக் கரையோரமா நடங்க.”

இயக்குநர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். தண்ணீரில் ஒரு சலனமும் இல்லை.

“நீங்க நடங்கம்மா.”

கேண்டீன் அக்கா நடந்தார். ஒன்றுமில்லை.

“இப்ப நீங்க. பையை எடுத்துக்கிட்டு.”

டிகிரி சார் மஞ்சள் பையை எடுத்தார். முதல் அடி வைத்தார். படகுத்துறைப் பக்கமிருந்து ஒரு கூட்டம், கொட்டகைப் பக்கமிருந்து ஒரு கூட்டம், நாணல் பக்கமிருந்து ஒரு கூட்டம் என்று தண்ணீரைக் கீறிக்கொண்டு வந்தன. முன்னால் கிழிந்த வாலோடு ஆபீசர். அவர் நடந்தால் நடந்தன. நின்றால் நின்றன. பயந்துபோய் அவர் ஓட்டமும் நடையுமாகத் திரும்பினார். ஏரியே அவரோடு திரும்பியது. நீரேற்று நிலையத்துக்காரர் ஒருவர் கைதட்டினார்.

“கெண்டைக்கு ஆளை அடையாளம் தெரியும்” என்றார் நிபுணர். “காலடிச் சத்தம் தெரியும். நேரம் தெரியும். பருவம் மாறினாலும் தப்பாம வருதுன்னா ஒரே காரணம்தான். அந்தப் பையில என்ன இருக்கு?”

“தெர்மாமீட்டர்தான்!” என்று இயக்குநர் முந்திக்கொண்டார். “வேற என்ன இருக்கப் போகுது? சொல்லுய்யா டிகிரி, தெர்மாமீட்டர்னு சொல்லு.”

டிகிரி சார் சொல்லியிருப்பார். வாயால் சொல்லும் பொய்க்கு அவர் பத்து மாதமாகப் பழகியிருந்தார். ஆனால் நிபுணர் பச்சை அட்டைப் பதிவேட்டை எடுத்து, அன்றைய பக்கத்தைப் பிரித்து, பேனாவோடு அவர் முன்னால் வைத்துவிட்டார்.

“சொல்ல வேணாம். எழுதுங்க.”

பகல் ஒரு மணி என்று எழுதினார். கெண்டைகள், எண்பத்திரண்டு என்று எழுதினார். ‘வரக் காரணம்’ என்று எழுதினார். பேனா நின்றது. மனைவியைப் பார்த்தார். பதினோரு வருடத்துப் பக்கங்களைப் பார்த்தார். நெற்றி வியர்வை சொட்டி எண்பத்திரண்டின்மேல் விழுந்து மை கலங்கியது. பிறகு ஒரே மூச்சில் எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

நிபுணர் உரக்கப் படித்தார். “‘வரக் காரணம்: நான் தினமும் என் மதிய உணவை இவற்றுக்குப் போடுகிறேன்.’”

“அப்ப பம்பு?” என்று இயக்குநர் சின்னக் குரலில் கேட்டார். அவர் அப்படியே படகுத்துறைப் பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

டிகிரி சார் மனைவியின் முன்னால் போய் நின்றார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள்கள் குலுங்கின. கண்ணில் நீர் கோத்திருந்தது. பார்த்ததும் அவருக்கும் கண் கலங்கிவிட்டது.

“அழாதே. நான் மகா பாவி” என்றார். “விடியுமுன்ன எந்திரிச்சு எனக்காக நீ செஞ்ச. உனக்குத் தேவையே இல்லாம உப்பை விட்ட. நான் அத்தனையையும் கொண்டுவந்து ஏரியில கொட்டிட்டு, கேண்டீன்ல உக்காந்து வயிறு முட்டச் சாப்பிட்டேன். உன் உருண்டை நல்லா இருந்துச்சுன்னு தினம் பொய் சொன்னேன். சத்தியமாச் சொல்றேன், இந்தப் பத்து மாசத்துல முதல் நாள் ஒரு வாய் பீன்ஸைத் தவிர, நீ செஞ்ச மதியச் சாப்பாட்டுல ஒரு பருக்கைகூட என் தொண்டையில இறங்கல.”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முடியவில்லை. முந்தானையை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டு, உதவி கேட்பவள் போலக் கேண்டீன் வாசலைப் பார்த்தாள்.

கேண்டீன் அக்கா கரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்.

“ஒரு பருக்கைகூட இறங்கலையா? நீங்க டப்பா கழுவின அன்னைக்கே நான் இவங்ககிட்டச் சொல்லிட்டேன். பத்து மாசமா தட்டை வழிச்சு வழிச்சு நீங்க சாப்பிட்டது பூரா இவங்க காலையில சமைச்சு எங்கிட்டக் குடுத்துட்டுப் போறதுதான் சார். டப்பாவுல வர்றது மீனுக்குன்னே பிசைஞ்ச தவிடு!”